கடைசி வரிசையில் ஒரு கை

காலை ஏழே காலுக்குப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்ததும் பீக்கரம்மா செய்கிற முதல் வேலை, ஒரு கிண்ணத்தில் சோப்புத் தூளைக் கொட்டிக் கலக்குவது. பாதி முடி கொட்டிப்போன ஒரு பெயின்ட் பிரஷ்ஷை அதில் தோய்த்துக்கொண்டு மேசை மேசையாகப் போவாள். எரிவாயுக் குழாயின் திருகு, மூட்டு, ரப்பர் குழாய் ஏறுகிற வாய் என்று ஓர் இடம் விடாமல் பூசுவாள். பூசிய இடத்தைக் குனிந்து பார்ப்பாள். வாயு கசிந்தால் அங்கே குமிழி ஊதும். கசியாவிட்டால் சோப்புத் தண்ணீர் சும்மா வழிந்து கீழே சொட்டும். ஒன்பது மேசை, மேசைக்கு இரண்டு திருகு. முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் இதே வேலை இன்னொரு தடவை.

முன்பெல்லாம் இதை மாதத்துக்கு ஒருமுறை செய்வாள். நாளுக்கு இருமுறை ஆனது பதினான்கு மாதமாகத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கூடுதலாக வேலை செய்கிறவளிடம் காரணம் கேட்கிற வழக்கம் அந்தப் பள்ளியில் கிடையாது.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வயதில் கண்ணாடிச் சாமான் கழுவத் தற்காலிகமாக வந்தவள், இருபத்தெட்டு வருஷத்தில் ஆய்வக உதவியாளராகி, பீக்கரம்மாவாகிப் போனாள். பத்தாம் வகுப்பில் அவள் தோற்றது ஒரே ஒரு பாடத்தில், அறிவியலில். அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். ஆனால் பதினோரு அறிவியல் டீச்சர்கள் அவள் கண் முன்னால் வந்து போயிருக்கிறார்கள். பதினோரு பேரும் ஒரே பாடத்தை நடத்தினார்கள். திடப்பொருளில் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். திரவத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வழுக்கி நகரும். வாயுவில் தறிகெட்டு ஓடும், கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பும். இந்தப் பாடத்துக்கென்றே மிட்டாய்ப் பெட்டியின் மூடியில் கண்ணாடி மணிகளைப் போட்டு ஒரு தட்டு செய்து வைத்திருந்தாள். சாய்த்துப் பிடித்தால் மணிகள் ஒரு மூலையில் அடுக்காக நிற்கும். மெல்ல ஆட்டினால் வழுக்கும். வேகமாகக் குலுக்கினால் நாலாபக்கமும் தெறிக்கும்.

வாசனை பற்றிய பகுதிதான் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு பொருளின் வாசனை வருகிறதென்றால் அந்தப் பொருளே துளித் துளியாக உடைந்து, காற்றில் முட்டி மோதி, மூக்கு வரைக்கும் நடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுபோனது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் விட்டது, போகும்போது வாசனையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. டீ வெறும் சூடாகவும் இனிப்பாகவும் இருந்தது. சோப்பு வழுவழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். துகள்கள் வாசல் வரைக்கும் வந்து தட்டுகின்றன, திறக்க உள்ளே ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் இது ஒரே ஒரு ஜீவனுக்குத் தெரியும். அது நாத்தனார். கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே ஆள், அதாவது ஒருத்தியின் புருஷன், மற்றவளின் அண்ணன், செத்து ஆறு வருஷம் ஆகிறது. அதன் பிறகும் இரண்டு பேரும் ஒரே சமையலறையில், ஒரே அடுப்பில், ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"இந்தப் பாலைக் கொஞ்சம் மோந்து பாரு" என்று பீக்கரம்மா பாத்திரத்தை நீட்டுவாள்.

"ஏன் அண்ணி, நாய் வளத்தா இன்னும் வசதியா இருக்குமே" என்பாள் நாத்தனார். ஆனாலும் மோந்து பார்ப்பாள். "நேத்தைக்கே போயிடுச்சு. இதைக் குடிச்சிட்டுப் படுத்தீங்கன்னா பாத்துக்கறதுக்கு நான்தான் லீவு போடணும்."

"நீ எந்த ஆபீசுக்குப் போற, லீவு போட?"

"வீட்ல இருக்கறவளுக்கு வேலையே இல்லன்னு நெனப்பு. நாளைக்கு அந்த ஸ்கூல்ல உங்க மூக்கு விஷயம் தெரிஞ்சு வீட்டுக்கு அனுப்பட்டும், அப்போ தெரியும் வீட்ல எவ்வளவு வேலைன்னு."

பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து முடியும். நாத்தனார் குத்திக் காட்டினாளே தவிர, சொன்னதில் பொய் இல்லை.

ஆய்வுக்கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் விதிகள் அடங்கிய தாள் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. நான்காவது விதி அவளுக்கு மனப்பாடம். 'கதவைத் திறந்ததும், விளக்குப் போடுவதற்கு முன்பாக, வாயு வாசனை வருகிறதா என்று உதவியாளர் முகர்ந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும்.' அதற்கென்று ஒரு நோட்டு இருந்தது. பதினான்கு மாதமாக அதில் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முகர முடியாத ஆய்வக உதவியாளரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த அறையை விட்டால் அந்தப் பள்ளியில் அவளுக்கு வேறு இடம் இல்லை. பள்ளியை விட்டால் பகல் முழுவதும் நாத்தனாரும் அவளும் ஒரே கூரைக்கடியில்.

ஆகவே மூக்கு செய்த வேலையைக் கண்ணுக்கும் கைக்கும் பழக்கினாள். வாயுவுக்குச் சோப்புத் தண்ணீர். அம்மோனியாவுக்கு, ஈரப்படுத்திய சிவப்பு லிட்மஸ் தாள். நீலமாக மாறினால் பாட்டில் உயிரோடு இருக்கிறது. ஸ்பிரிட்டுக்கு, புறங்கையில் ஒரு சொட்டு. சில்லிட்டுக் காணாமல் போனால் ஸ்பிரிட், தங்கினால் தண்ணீர். மூக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட அவள் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

இந்த வருஷம் பள்ளி திறந்தபோது பன்னிரண்டாவது டீச்சர் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு. முதல் நாளே மணித் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"திடம், திரவம், வாயு காட்டறதுக்கு டீச்சர்."

"இதெல்லாம் இப்போ வேண்டாம். நான் திரையிலயே காட்டிடுவேன்."

திரையில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. நீலப் பந்துகள் அடுக்காக நின்றன, பிறகு பிரிந்தன, பிறகு பறந்தன. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பீக்கரம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சர், திரவத்துல இவ்வளவு இடைவெளி இருக்காதே. ஒட்டிக்கிட்டுதானே நகரும்? இந்தப் படத்துல தண்ணி பாதி ஆவியாயிட்ட மாதிரி இருக்கு."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் திரையைப் பார்த்தாள். பந்துகள் ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி மிதந்துகொண்டிருந்தன. பீக்கரம்மா சொன்னது சரி. அதுதான் மன்னிக்க முடியாததாகிவிட்டது.

"இது புரியறதுக்காகப் போட்ட படம்" என்றாள் டீச்சர். வகுப்பு முடிந்ததும் பீக்கரம்மாவிடம் வந்து, குரலை உயர்த்தாமல், "பாடம் நடத்த வேண்டியிருந்தா நான் கூப்பிடறேன். அதுவரைக்கும் கழுவற வேலையைப் பாருங்க" என்றாள்.

"கழுவிட்டுதான் டீச்சர் நிக்கறேன். உங்க மேசையில இருக்கற கப்பையும் சேத்துக் கழுவட்டுமா?"

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு குறைந்து, சாமான்கள் மூலமாகப் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் அலமாரியை மாற்றி அடுக்குவாள். பீக்கரம்மா மறுநாள் பழையபடி வைப்பாள். டீச்சர் பட்டியல் ஒட்டுவாள். அதில் எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தி வைப்பாள் பீக்கரம்மா.

அப்படி நடந்த சண்டைகளில் ஒன்று நூலைப் பற்றியது. கண்ணாடி மூடி போட்ட பாட்டில்களில் ஒவ்வொரு மூடியும் அதனதன் பாட்டிலுக்கென்றே தேய்த்துச் செய்தது. ஒன்றின் மூடியை இன்னொன்றில் போட்டால் உட்காரும், மூடியது போலவே இருக்கும், ஆனால் மயிரிழை சந்து விட்டுவிடும். மூடி மாறாமல் இருக்க ஒவ்வொரு மூடியையும் அதன் பாட்டிலின் கழுத்தோடு நூலால் கட்டி வைத்திருந்தாள் பீக்கரம்மா. பல வருஷத்து நூல், பழுப்பேறிப் போயிருந்தது.

"என்ன இது, பாட்டிலுக்கெல்லாம் தாயத்தா?" என்றாள் டீச்சர். "இன்னைக்கே எல்லாத்தையும் வெட்டிட்டு, மூடியெல்லாம் கழுவி வைங்க. அசிங்கமா இருக்கு."

வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன், எனக்கென்ன என்ற வீம்பில், அத்தனை நூலையும் ஒரே மூச்சில் கத்தரித்து, அத்தனை மூடியையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவினாள். எதற்கு எது என்று கண்ணால் பார்த்தே திரும்பப் போட்டாள். இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதற்கு அடுத்த நாள் மூன்று வார விடுமுறைக்குப் பள்ளி மூடியது.

விடுமுறைக்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. ஒரு நாள் வகுப்பு கலைந்ததும் யாரோ ஒரு பிள்ளை ஏழாம் மேசையின் திருகைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டுப் போய்விட்டது. பீக்கரம்மா அதே மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே போன டீச்சர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள், வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். நேராக வந்து திருகை மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"உங்களுக்கு வரலையா?"

"சளி டீச்சர்."

"குரல்ல சளி இல்லையே."

பீக்கரம்மா துணியைப் பிழிந்தாள். டீச்சர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அன்றிரவு பீக்கரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் திருகு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள், முதல் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் சாமான் அறையின் வாசலில் வந்து நின்றாள்.

"ஏழாம் வகுப்புக்கு இன்னைக்கே வாசனை சோதனை வச்சிடறேன். அம்மோனியா பாட்டிலை எடுங்க."

"அடுத்த வாரம்னு சொன்னீங்க?"

"இன்னைக்கு."

லிட்மஸ் தாள் பெட்டியைத் திறந்து பார்த்தாள் பீக்கரம்மா. சிவப்புத் தாள் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் ஒன்பதாம் வகுப்பு மொத்தத்தையும் தீர்த்திருந்தது. மூக்குக்கு நேரே வைத்து இழுத்தால் வாசனை தெரியாவிட்டாலும் எரிச்சலாவது தெரிந்திருக்கும். ஆனால் கையை நீட்டிக்கொண்டு, இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் முன்னால் பாட்டிலை மோந்து பார்த்து நடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. விடுமுறைக்கு முன்னால் நானே ஊற்றி வைத்தது, தாளில் நீலம் காட்டியது, மூடியிருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஆகியிருந்தது. அந்தப் பாட்டிலின் தலையில் இருந்தது இன்னொரு பாட்டிலின் மூடி. கால் பாட்டில் திரவம், ஜன்னல் சாத்திய அறை, மூன்று வார வெயில். அம்மோனியாத் துகள்கள் மயிரிழைச் சந்து வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தன. மிச்சம் இருந்தது தண்ணீர். அம்மோனியா எப்படி இருக்குமோ அப்படியே, நிறமில்லாமல், பளிச்சென்று இருந்தது.

டீச்சர் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பீக்கரம்மாவே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. திரை இல்லை. பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னாள்.

"தோளோட தோள் ஒட்டி நில்லுங்க. நகரக் கூடாது, நடுங்கலாம். நீங்கதான் இரும்பு."

நாற்பது பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நடுங்கினார்கள்.

"இப்போ சூடு ஏறுது. ஒட்டிக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போங்க. பிரியக் கூடாது." சொல்லும்போது டீச்சரின் பார்வை ஒரு நொடி பீக்கரம்மாவின் மேல் வந்து போயிற்று. "திரவத்துல துகள்கள் தொட்டுக்கிட்டேதான் இருக்கும்."

அதை யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று பீக்கரம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

"இப்போ வாயு!" என்றதும் அறை இரண்டுபட்டது. ஒருவன் மேசைக்கடியில் போய் மோதினான். இரண்டு பேர் வராந்தாவுக்கே ஓடிவிட்டார்கள். அவர்களைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஜன்னல்களைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"நீங்களும் கடைசி வரிசையில உக்காருங்க" என்றாள் டீச்சர் பீக்கரம்மாவிடம். "பெரியவங்க மூக்கும் ஒண்ணு வேணும்."

மறுத்தால் சந்தேகம். போய் உட்கார்ந்தாள்.

"இந்தத் தட்டுல அம்மோனியா ஊத்தப் போறேன். வாசனை வந்ததும் கையைத் தூக்கணும். பக்கத்துல இருக்கறவனைப் பாத்துத் தூக்கக் கூடாது. அதனால எல்லாரும் கண்ணை மூடுங்க. எல்லாரும்."

கடைசி வார்த்தை தனக்கு என்று பீக்கரம்மாவுக்குத் தெரிந்தது. மூடினாள்.

பாட்டில் மூடி உரசும் சத்தம். திரவம் தட்டில் விழும் சத்தம். அவள் எண்ண ஆரம்பித்தாள். இந்தச் சோதனையை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! முதல் வரிசைக்குப் பத்து எண்ணிக்கை. நடுவில் நாற்பது. கடைசி வரிசைக்குத் தொண்ணூறு, ஆடி அசைந்து நூறு. வாயுத் துகள் ஓடுகிற வேகத்துக்கு நொடியில் வந்திருக்க வேண்டும். ஆனால் வழியில் காற்றின் மேல் முட்டி, திரும்பி, மறுபடியும் முட்டி, சந்தைக் கூட்டத்தில் போகிற மாதிரி வர வேண்டும் அல்லவா, அதனால்தான் இவ்வளவு தாமதம். எட்டாவது டீச்சர் சொன்னது. எழுபது. எண்பது. அவசரப்படாமல், தொண்ணூற்றைந்தில் கையைத் தூக்கினாள்.

"பின்னாடி வந்துருச்சா?" என்றது டீச்சரின் குரல்.

"வந்துருச்சு டீச்சர்."

"எப்படி இருக்கு?"

"மூக்கைத் துளைக்குது."

எங்கோ முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. பிறகு ஒரு பெண் குழந்தையின் குரல், குழப்பத்தோடு: "டீச்சர், எனக்கு ஒண்ணுமே வரலையே?"

"எனக்கும் வரல டீச்சர்."

"எனக்கும்."

பீக்கரம்மா கண்ணைத் திறந்தாள். நாற்பது பிள்ளைகளும் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கையும் மடியில் இருந்தது. அறை முழுவதிலும் உயர்ந்து நின்றது ஒரே ஒரு கை. அதை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினாள். டீச்சர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். பீக்கரம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் தலைமையாசிரியை.

சளி, தலைவலி, தூக்கம் இல்லை என்று நாலைந்து பதில்கள் தொண்டை வரைக்கும் வந்தன. எதுவும் தேறாது என்று விட்டுவிட்டாள்.

"பதினாலு மாசம் மேடம்."

"பதினாலு மாசமா தினம் மோந்து பாத்ததா கையெழுத்து?"

"மோந்து பாக்கறதுக்குப் பதிலா சோப்புத் தண்ணி வச்சுப் பாக்கறேன். காலையில பதினெட்டு திருகு, சாயங்காலம் பதினெட்டு திருகு. மூக்கு இருக்கறவங்க யாராவது ஒரு நாளாவது அதைச் செஞ்சிருக்காங்களா, கேளுங்க."

"அம்மோனியா பாட்டில் செத்துப்போனதுகூட உங்களுக்குத் தெரியல" என்றாள் டீச்சர்.

"நூலை வெட்டச் சொன்னது யாரு? மூடி மாறினது அதனாலதான். நான் அப்பவே..."

"நீங்க அப்ப ஒண்ணும் சொல்லல. கோபத்துல வெட்டினீங்க. சரி, மூடி என் தப்புன்னே வச்சுக்கலாம். கை யாரோடது?"

பீக்கரம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சோப்புத் தண்ணி மூட்டுல கசிஞ்சாதான் காட்டும்" என்று டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்துத் தொடர்ந்தாள். "பாடம் நடக்கறப்போ ஒரு பிள்ளை திருகைத் திறந்து விட்டுட்டா? அன்னைக்கு ஏழாம் மேசையில அதுதான் நடந்துச்சு. இவங்க ஒரு அடி தள்ளி நின்னு துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் குடையை மறந்துட்டுத் திரும்பி வரலைன்னா? அடுத்து வந்தவங்க அடுப்பைப் பத்த வச்சிருந்தா?"

பதினான்கு மாதமாகப் பீக்கரம்மா பதில் தேடிக்கொண்டிருந்த கேள்வி அது. டீச்சரை எவ்வளவு கரித்துக்கொட்டினாலும், அந்தத் திருகை மூடியது டீச்சரின் கைதான்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நல்ல வேலைக்காரி நீங்க. அதை நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பிள்ளைங்க விஷயம். சாவியை இன்னைக்கே டீச்சர்கிட்ட ஒப்படைச்சிடுங்க. நாளையிலேர்ந்து ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. மேலேர்ந்து என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்."

"வீட்டுக்குப் போன்னு சொன்னா?"

"போகத்தான் வேணும்."

"ஆபீஸ்ல நான் என்ன செய்யறது மேடம்?"

"ஏதாவது இருக்கும்" என்றாள் தலைமையாசிரியை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் சாவி கைமாறியது. வெயில் சாய்ந்து, கழுவிக் கவிழ்த்திருந்த குடுவைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதெது எங்கேன்னு சொல்லுங்க."

பீக்கரம்மா சொன்னாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அறையை அறியாத ஒருத்தியிடம் அறையை விட்டுவிட்டுப் போகிற கோபம் ஒவ்வொரு சொல்லிலும் இருந்தது.

"ஒன்பதாம் மேசை ரெண்டாவது திருகு. மூடினாலும் கால் சுற்று கூட இறுக்கணும். எழுதிக்கோங்க. எழுதலைன்னா மறந்துடுவீங்க. அஞ்சாம் மேசை ரப்பர் குழாய் விரிசல் விடப் போகுது, இன்னும் ஒரு மாசம் தாங்கும். பெரிய சிலிண்டர் வால்வு வலப்பக்கம் திருப்பினா திறக்கும்னு எழுதி ஒட்டியிருக்கு. யாரோ தலைகீழா எழுதினது. நம்பாதீங்க."

"யாரு எழுதினது?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. அவங்களுக்கும் பட்டம் எல்லாம் இருந்துச்சு."

டீச்சர் தலை நிமிராமல் எழுதினாள். "அப்புறம்?"

"தினம் சோப்புத் தண்ணி. காலையில, சாயங்காலம். மூக்கு இருக்குன்னு விட்டுடாதீங்க. தூக்கம் வந்தா மூக்கும் தூங்கும்."

"சரி."

"சரின்னு சொன்னா போதாது. குனிஞ்சு பாக்கணும். முதுகு வலிக்கும்."

"சரிம்மா. வேற?"

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள் பீக்கரம்மா. டீச்சர் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. ஆனாலும் பீக்கரம்மா நகரவில்லை. மதியத்திலிருந்து மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்று இப்போதுதான், வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், பிடிபட்டது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பாட்டிலைத் திறந்து தட்டுல ஊத்தினது நீங்க. மூஞ்சிக்கு நேராதான் ஊத்தியிருப்பீங்க. உங்க மூக்கு நல்ல மூக்கு. ஏழாம் மேசையில பாதி திறந்த திருகை வாசல்லயே கண்டுபிடிச்ச மூக்கு."

டீச்சர் நோட்டை மூடினாள்.

"அம்மோனியாவுக்கு ஒரு நொடி போதும். ஊத்தும்போதே அது வெறும் தண்ணின்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'பாட்டில் போயிடுச்சு, வேற எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லல. தட்டு பக்கத்துல பேசாம நின்னீங்க. தொண்ணூத்தஞ்சு எண்ணற வரைக்கும் நின்னீங்க."

டீச்சர் பேனாவை மூடிப் பையின் பக்கவாட்டில் செருகினாள்.

"என்னைத் தனியா கூப்பிட்டு, 'வாசனையே வரலையா'ன்னு இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ மாட்டேனோ, அது எனக்கே தெரியாது. சண்டைதான் போட்டிருப்பேன். ஆனா அந்தத் தட்டு முன்னாடி நின்னுக்கிட்டு, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சும், 'எப்படி இருக்கு'ன்னு ஏன் டீச்சர் கேட்டீங்க? நாப்பது பிள்ளைங்க முன்னாடி?"

டீச்சர் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு குனிந்து மேசைமேல் விட்டிருந்த குடையை எடுத்துக்கொண்டு, பீக்கரம்மாவைச் சுற்றி நடந்து, கதவைத் தாண்டி வெளியே போனாள்.